பார்வையாளர் ஒருவர்

முதல் விழாவுக்குத் திரை கிடையாது.
கம்பளிக் கிடங்கின் தெற்குச் சுவருக்கு
இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தார்
மருந்துக்கடை வாஷிங்டன் லரோசா.
பொதி தூக்கும் இரும்புக் கொக்கி ஒன்று
சுவரை விட்டு வர மறுத்தது.
அதற்கும் சேர்த்தே சுண்ணாம்பு.

அன்றிலிருந்து
எந்த நாட்டு நாயகியானாலும்
இடது கன்னத்தில் ஒரு கொக்கி.
செக் நாட்டு ரயில் அதைக் கடந்துதான் போனது.
ஜப்பானிய மழை அதன்மேல் பெய்தது.
பைசாந்தூவில் வளர்ந்த பிள்ளைகள்
சினிமா என்றாலே அப்படித்தான் போலும் என்று
நினைத்திருந்தார்கள்.

என் வேலை குரல்.
யார் எந்த மொழியில் பேசினாலும்
மைக்கில் நான் ஸ்பானிய மொழியில் படிப்பேன்.
அப்பனும் நானே, கள்ளக்காதலனும் நானே,
குதிரையை அதட்டும் வண்டிக்காரனும் நானே.
"வானிலை அறிக்கை மாதிரிப் படி, எலிடா.
அழுகையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

ஐந்தாம் விழாவில் தாள்கள் இடம் மாறின.
ஆறு நிமிடம்
விதவையின் வாயில் போலீஸ்காரனின் வசனம்.
மறுநாள் பத்திரிகை
'அடையாளச் சிதைவின் துணிச்சலான பதிவு' என்றது.
கத்தரித்து வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் விழாவில்
என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள்.
லெப்டினன்ட் பியாஞ்சி.
மழித்த கழுத்து, புதினா மிட்டாய், ஒரு பென்சில்.
பென்சில் மேசையை ஒருமுறை தட்டினால்
அந்த வரியை நான் விழுங்க வேண்டும்.
இருமுறை தட்டினால் விளக்கே அணையும்.

'ரொட்டி' போனது. 'நாளை' போனது.
ஹங்கேரியக் கிழவன் ஒருவன்
மரங்களைக் காட்டி என்னவோ சொன்னான்,
அதுவும் போனது.
திரையில் உதடுகள் அசைந்துகொண்டேயிருக்கும்.
நான் மைக்கின் முன் மூச்சு மட்டும் விடுவேன்.

யார் தொடங்கியது, தெரியாது.
மூன்றாம் வரிசையில்,
தோல் தொழிற்சாலை ஆட்கள் உட்காரும் பக்கம்,
நான் வாய் மூடிய இடத்தில்
ஒருவர் கைதட்டினார்.
பிறகு கிடங்கே தட்டியது.
பியாஞ்சி பென்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
சொல்லாததற்கு எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

லரோசாவைப் பிடிக்கச் சட்டம் இருந்தது.

'எண்ணை மட்டும் விட்டுவிடாதே'
என்று சிறையிலிருந்து ஒரு சீட்டு வந்தது.
ஆகவே ஒவ்வொரு ஜூலையும்
கிடங்கின் பூட்டைத் திறந்து
குளிரில் ஒன்றரை மணி நேரம்
சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.
விழா மலரில் இன்றும் இருக்கிறது:
'பதினாறு. படங்கள் இல்லை. பார்வையாளர் ஒருவர்.'
பதினேழு, அதேபோல்.
பத்தொன்பதில் எனக்குக் காய்ச்சல்,
என் தங்கை போய்வந்தாள்.

இருபத்துநாலுக்குப் பிறகு எல்லாமே ஓட்டம்.
வீடியோ கேசட், நகராட்சிப் பணம், பீர் கம்பெனிக் கூடாரம்.
சிவப்புக் கம்பளம் மழையில் சாயம் போய்
நடுவர்களின் காலுறைகள் எல்லாம் ரோஜா நிறம்.
கிடங்கு இப்போது உடற்பயிற்சிக் கூடம்.
கொக்கியில் ஒருவன் குத்துப்பை மாட்டியிருக்கிறான்.
ஆற்றங்கரையில் கண்ணாடி அரங்கு,
நாயகிகளுக்கு மாசில்லாத கன்னம்.
எனக்கொரு கேடயம் கொடுத்தார்கள், 'எலிசா' என்று.

ஐம்பதாம் விழாவுக்கு
அந்த ஹங்கேரியப் படம் புத்தம் புதுசாய்த் துலக்கி வந்தது.
நான் விழுங்கியதெல்லாம்
வெள்ளை எழுத்தாகக் கீழே ஓடியது.
'ரொட்டி' வந்தது. 'நாளை' வந்தது.
கிழவன் மரங்கள் பக்கம் கை நீட்டினான்,
எழுத்துக் கருவி படுத்துவிட்டது.

இளசுகள் கைப்பேசியைத் தூக்கிப் புகார் எழுத,
மூன்றாம் வரிசையில்
நாலைந்து நரைத்த தலைகள் கைதட்டின.
ஒரு பெண் திரும்பி 'உஷ்' என்றாள்.

படியிறங்கும்போது ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார்.
தோல் ஆலைக் கைகள், நகமெல்லாம் பழுப்பு.
"மரத்தைப் பற்றி என்னதான் சொன்னான்?"

"இந்த வருஷம் பேரிக்காய்
சீக்கிரமே பழுத்துவிட்டது, என்றான்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.
பிறகு கண்ணடித்தார்.
"சரி, சரி.
இன்னும் சொல்லக்கூடாதுபோல."